நாடித்துடிப்பு ஏறினால் அது காதலா? 'ரிகேகோய்' அனிமே பற்றி ஒரு விவாதம்

பிப்ரவரி 4, இரவு 10.12 (தொடக்கக் கேள்வி)

'ரிகேகோய்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் முதல் சீசனை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இதை "அறிவியல் அனிமே" என்று சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்தால் கடுப்பாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு இரண்டு பேர் ஒருவர் நாடித்துடிப்பை ஒருவர் எண்ணினால் அது ஆராய்ச்சியா? காதலை அளக்க முடியாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கோட்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வழக்கமான காலேஜ் காதல் கதைதான். மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள்.

பிப்ரவரி 5, காலை 7.40

இருக்கிறது. வந்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காக முதலில் கதை. யாமமோத்தோ அலிஃப்ரெட் 2016 முதல் வரைந்த மங்காதான் (ஜப்பானியப் படக்கதை) மூலம். ஜீரோ-ஜி ஸ்டுடியோ 2020 ஜனவரியில் 12 எபிசோடாக அனிமே ஆக்கியது, 2022 ஏப்ரலில் இரண்டாம் சீசன். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் ஒரு பல்கலைக்கழகம், அதில் பேராசிரியர் இக்கேதாவின் ஆய்வகம். முதுகலை மாணவி ஹிமுரோ அயமே, பக்கத்து மேசைக்கார யுகிமுரா ஷின்யாவிடம் "உன்னைக் காதலிக்கிறேன் போலிருக்கிறது" என்கிறாள். அவன் வெட்கப்படவில்லை, ஓடவும் இல்லை. எந்த அடிப்படையில் சொல்கிறாய் என்று கேட்கிறான். அவளும் கோபப்படாமல், சரி, வரையறுப்போம் என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

எனக்குத் தொழில் காலிப்ரேஷன். தொழிற்சாலைகளிலிருந்து வரும் பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் முள் கருவி), தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி), தராசு எல்லாவற்றையும் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற வேலை. "இதை அளக்கவே முடியாது" என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். அளக்க முடியாது என்றால் என்ன அர்த்தம்? எதோடு ஒப்பிடுவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றுதான் அர்த்தம். அந்தச் சிக்கல் இந்தத் தொடருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மிச்சம் மாலையில்.

பிப்ரவரி 5, இரவு 9.55

முதல் எபிசோடு சோதனையையே எடுப்போம். ஹிமுரோவைச் சுவரோரம் நிறுத்தி, யுகிமுரா சுவரில் டொம்மென்று கை ஊன்றுகிறான். ஜப்பானில் இதற்குக் கபேதோன் என்று பெயர். 2014-இல் அந்த ஆண்டின் பேச்சு வழக்குச் சொற்களில் முதல் பத்துக்குள் வந்த அளவுக்குப் பிரபலம். அப்புறம் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்துவது. ஒவ்வொன்றுக்கும் அவள் இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்கிறார்கள். ஏறுகிறது. ஆகவே காதலா?

ஒரு கேஜ் என் மேசைக்கு வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். டெட் வெயிட் டெஸ்டரில் மாட்டி, எடையை ஒவ்வொன்றாக ஏற்றி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே ரீடிங் எடுப்பேன். ஒவ்வொரு ரீடிங்குக்கும் முன்னால் கேஜின் முகத்தில் விரலால் லேசாக ஒரு தட்டு. முள் எங்காவது உராய்ந்து நின்றிருந்தால் அந்தத் தட்டில் இடத்துக்கு வந்துவிடும். உச்சிக்குப் போனதும் அதே புள்ளிகளில் எடையை இறக்கிக்கொண்டே மறுபடி ரீடிங். ஏறும்போது 40 காட்டிய இடத்தில் இறங்கும்போது 40.5 காட்டலாம். அந்த வித்தியாசத்துக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர், சர்டிபிகேட்டில் தனியாக எழுதியாக வேண்டும்.

இவர்கள் எடுத்தது ஏறும் ரீடிங் மட்டும். அவன் கையை எடுத்துவிட்டு நகர்ந்து போன பிறகு துடிப்பு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது? என்னைக் கேட்டால் தகவல் அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் வரும்போது ஏறுவதற்குப் பயமே போதும். போன பிறகும் இறங்காமல் இருந்தால்தான் விஷயம்.

பிப்ரவரி 5, இரவு 10.20

தாடையைப் பிடிப்பதும் கேஜைத் தட்டுகிற மாதிரிதானா என்று கிண்டல் செய்தவருக்கு: இல்லை, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. சிரித்துவிட்டேன், அது வேறு.

பிப்ரவரி 6, மதியம் 1.15

"பயமே போதும்" என்று நான் எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். நியாயம். இந்தத் துறையில் பழம்பெரும் கதை ஒன்று உண்டு.

1974, கனடாவில் வான்கூவர் பக்கம் கபிலானோ ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம். அகலம் 5 அடி, நீளம் 450 அடி, கீழே பார்த்தால் 230 அடி பள்ளம், கால் வைத்தால் ஆடும். டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அங்கே ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். தனியாக வரும் ஆண்களிடம் ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வாள், சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணைக் கிழித்துக் கொடுப்பாள். அதே பெண் அதே வேலையை ஆற்றில் இன்னும் மேலே போய், தாழ்வான, ஆடாத மரப்பாலத்திலும் செய்தாள். எண்ணை வாங்கிக்கொண்டவர்களில் ஆடும் பாலத்துக்காரர்கள் 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர். கேட்டது பெண்ணாக இல்லாமல் ஆணாக இருந்தபோது இரண்டு பாலத்திலும் கூப்பிட்டவர்கள் மிகக் குறைவு.

பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை அந்தப் பெண்ணால் அடித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் விளக்கம். ஜப்பானில் இது "தொங்கு பால விளைவு" என்ற பெயரில் காதல் மங்கா வாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஆடும் பாலத்தில் ஏறுகிறவனே கொஞ்சம் துணிச்சல்காரன், அவன் யாராக இருந்தாலும் போன் பண்ணுவான் என்று சொல்லலாம் இல்லையா? அதனால் இரண்டாவது சோதனையில் ஒப்பீட்டுக்கு அதே ஆடும் பாலத்தைக் கடந்தவர்களையே எடுத்தார்கள். ஆனால் கடந்து கொஞ்ச நேரமாகி, ஆசுவாசப்பட்டு உட்கார்ந்திருந்தவர்களை. அவர்களில் கூப்பிட்டவர்கள் குறைவு. பாருங்கள், இறங்கும் ரீடிங்! உளவியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தோன்றியிருக்கிறது.

பிப்ரவரி 6, இரவு 11.02

படுக்கப் போகும் முன் ஒன்று. மருத்துவரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும், வீட்டில் அளந்தால் சரியாக இருக்கும். மருத்துவத்தில் இதை வெள்ளைக் கோட்டு விளைவு என்றே சொல்கிறார்கள். ஹிமுரோவும் யுகிமுராவும் எந்நேரமும் எதில் சுற்றுகிறார்கள்? அவ்வளவுதான், நல்லிரவு.

பிப்ரவரி 8, காலை 6.30

இரண்டு நாள் வேலை அதிகம். அதற்குள் இந்த விவாத இழை எங்கெங்கோ போய், ஹிமுரோவுக்குக் குரல் கொடுத்தது யார் என்ற சண்டையில் நிற்கிறது. ஹிமுரோவின் குரல் அமமியா சோரா. தொடக்கப் பாட்டும் அவரேதான். இதில் சண்டை வேண்டாம்.

தொடக்கக் கேள்விக்காரர் கேட்டது: "நிஜ விஞ்ஞானிகள் யாராவது இப்படிக் காதலை அளந்திருக்கிறார்களா, அதைச் சொல்லுங்கள்." நிறைய. எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்.

ஸிக் ரூபின் என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவக் காதலர்களை வைத்து 13 வாக்கியங்கள் கொண்ட காதல் அளவுகோல் ஒன்றை உருவாக்கி 1970-இல் வெளியிட்டார். கூடவே, பிடித்திருப்பதை அளக்க இன்னொரு 13. காதலும் பிடித்திருப்பதும் வேறுவேறு என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். ஒருவரை நமக்குப் பிடிக்கும், மதிப்போம், தலைவர் தேர்தலில் ஓட்டுக்கூடப் போடுவோம். அதனாலேயே காதல் வந்துவிடாது.

நான் ரசித்தது அதற்கு அடுத்த படி. தாளில் எழுதிக் கொடுத்ததை மட்டும் நம்பாமல், ஜோடிகளை ஓர் அறையில் காத்திருக்க வைத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அளவுகோலில் அதிக மதிப்பெண் எடுத்த ஜோடிகள் ஒருவர் கண்ணை ஒருவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கருவியை வேறு தினுசு கருவியால் சோதிப்பது. நாங்கள் தினமும் செய்வதும் அதையேதான்.

எதெல்லாம் இருந்தால் காதல் என்று ஹிமுரோ போடும் நிபந்தனைப் பட்டியலில் இந்தக் கண் பார்வையைச் சேர்த்தால் யுகிமுரா பத்து நிமிடத்தில் மாட்டிக்கொள்வான். பையன் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் எத்தனை முறை அவள் பக்கம் திரும்புகிறான் என்று கவனித்தீர்களா?

பிப்ரவரி 8, காலை 8.10

"அரசாங்கப் பணத்தை இதற்கா கொட்டுவார்கள்" என்று கேட்டவரே, உங்களுக்கு முன்னோடி உண்டு. 1975-இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மைர், வீண்செலவுக்கென்று "தங்கக் கம்பளி" என ஒரு கிண்டல் விருதைத் தொடங்கினார். முதல் விருதே, மனிதர்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்ற ஆய்வுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுத்த 84,000 டாலருக்குத்தான். சில விஷயங்கள் மர்மமாகவே இருக்கட்டும் என்பது அவர் கட்சி. ஆய்வை நடத்திய எலன் பெர்ஷைட், எலைன் ஹாட்ஃபீல்ட் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் ஹாட்ஃபீல்ட் விடவில்லை. 1986-இல் சூசன் ஸ்ப்ரெச்சரோடு சேர்ந்து "வேட்கைக் காதல் அளவுகோல்" என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். மூளையை ஸ்கேன் செய்கிறவர்கள்கூட இவர் உண்மையிலேயே காதலில் இருக்கிறாரா என்று பார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

செனட்டர் சொன்னதும் இந்த இழையின் முதல் பதிவும் ஒன்றுதான் என்று சொன்னால் அதை எழுதியவர் கோபித்துக்கொள்வார். சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8, இரவு 9.30

ஸ்கேன் பற்றி விவரம் கேட்டிருக்கிறார்கள். 2005-இல் வெளியானது. ஆரன் (பாலத்துக்கார அதே ஆரன்தான்), ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் குழு. பித்துப் பிடித்த மாதிரிக் காதலில் இருந்த 17 பேரைப் படுக்கவைத்து, காதலர் படத்தையும் வெறும் அறிமுகமானவர் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். காதலர் படத்தைப் பார்க்கும்போது மூளையின் அடியில், டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கும் பகுதி ஒளிர்ந்தது. பசி, பரிசு, போதை என்று ஆசை சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் வேலை செய்கிற அதே இடம்.

இதில் ஒரு சங்கடம். காதலர் முகத்தைப் பார்த்த கிறக்கம் அடுத்த படத்திலும் தொற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதைத் துடைக்க நடுவில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கணக்குப் போட்டால் காதல் இறங்கிவிடும் என்பது யோசனை.

இப்போது யுகிமுராவையும் ஹிமுராவையும் அந்த ஸ்கேனரில் படுக்க வைத்துப் பாருங்கள். கணக்கு வரும்போதுதானே இவர்களுக்கு முகமே சிவக்கிறது! சோதனையே தலைகீழாகிவிடும். சரியான சூத்திரத்தை அவள் முந்திக்கொண்டு சொல்லும்போது அவன் முகம் போகிற போக்கை இன்னொரு முறை பாருங்கள்.

பிப்ரவரி 8, இரவு 9.34

ஹிமுரா இல்லை, ஹிமுரோ. கைப்பேசித் தட்டச்சு.

பிப்ரவரி 9, மாலை 5.20

ஆக்ஸிடோசின் பேச்சு வந்ததால் இது. "காதல் ஹார்மோன்" என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்கிற கட்டுரைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பெயருக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது ப்ரேரி வோல் என்ற புல்வெளி எலி. ஒரே ஜோடியோடு ஒட்டிக்கொள்ளும் அபூர்வப் பிராணி. ஆக்ஸிடோசினைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் அந்த ஒட்டுதல் கெடுகிறது என்று பல ஆண்டுகளாகக் காட்டிவந்தார்கள். 2023-இல் ஆக்ஸிடோசின் ஏற்பியே (செல்லில் அது போய் ஒட்டும் இடம்) இல்லாதபடி மரபணு மாற்றி எலிகளைப் பிறக்க வைத்தார்கள். அவையும் சமத்தாக ஜோடி சேர்ந்துவிட்டன.

அதனால் ஆக்ஸிடோசினுக்கு வேலை இல்லை என்று ஆகாது. ஒரு முள் ஆடுவதை வைத்து மொத்தத்தையும் சொல்ல முடியாது, அவ்வளவே. தொடரில் அந்த வெள்ளைக் கோட்டுக் கரடி நடுநடுவே வந்து பாடம் எடுக்குமே, அதற்கு இதைச் சொல்லி ஒரு புது எபிசோடு போட வைக்கலாம்.

பிப்ரவரி 10, காலை 10.45

ஞாயிறு இல்லை, ஆனாலும் விடுப்பு. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கேள்விக்காரர் விடாமல் பிடித்திருக்கும் வாதம்: காதல் என்ன என்று தெரியாமல் காதலை அளக்கக் கிளம்புவது முட்டாள்தனம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெப்பமானியின் கதை அப்படி நடக்கவில்லை.

வெப்பநிலை என்றால் உண்மையில் என்ன என்று விளங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே வெப்பமானி வந்துவிட்டது. எதைப் பூஜ்யம் என்பது, எதை உச்சம் என்பது என்று ஆளுக்கொரு கணக்கு. நியூட்டன் 1701-இல் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிய குழாயை வைத்து ஓர் அளவுகோல் செய்தார். பனி உருகும் புள்ளி 0, மனித உடம்பின் சூடு 12. ஃபாரன்ஹீட் 1724-இல் வெளியிட்டதில் உடம்புச் சூடு 96. செல்சியஸ் 1742-இல் நீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் வைத்தார், பிறகுதான் தலைகீழாக்கினார்கள். காய்ச்சல் வந்த உடம்புக்கு ஒரு சூடு, வராத உடம்புக்கு ஒரு சூடு என்று அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் கையில் இருந்ததை வைத்துத் தொடங்கினார்கள். கையால் தொட்டு "சூடு" என்றதை வைத்துக் குழாய் செய்தார்கள். அப்புறம் கையும் குழாயும் முரண்பட்டபோது குழாயை நம்பக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் குழாய்களை வைத்தே அடுத்த நல்ல குழாய்.

இன்றைக்கும் என் மேசையில் அந்த 0 புள்ளி இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸைப் பொடியாக நொறுக்கி, அதே நீரைக் கொஞ்சம் ஊற்றி, ஃபிளாஸ்க்கில் அழுத்தி நிரப்புவேன். நீர் அதிகமானால் மிதக்கும் ஐஸுக்குக் கீழே 4 டிகிரி நீர் போய்த் தங்கிக் கெடுக்கும், அதனால் தேவைக்கு மேல் நின்றால் வடித்துவிட வேண்டும். நடுவில் தெர்மோகப்பிளைச் செருகிவிட்டுக் காத்திருப்பேன். எத்தனை விலை உயர்ந்த கருவி வந்தாலும் இந்த ஐஸ் குழம்புக்கு முன் பணிவாகத்தான் நிற்க வேண்டும்.

யுகிமுரா, ஹிமுரோ செய்வதும் இந்த வரிசைதான். "காதல் போலிருக்கிறது" என்ற மனசின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அதை வைத்து ஒரு நிபந்தனை. நிபந்தனை பொருந்தாதபோது நிபந்தனையைத் திருத்துகிறார்கள், சோதனையை மாற்றுகிறார்கள். மாதிரி எண்ணிக்கை இரண்டு பேர், அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே ஆள் என்றெல்லாம் ஆயிரம் ஓட்டை சொல்லலாம். என் மேசைக்கு வந்தால் "நிராகரிக்கப்பட்டது" ஸ்டிக்கர்தான் ஒட்டுவேன். ஆனால் முறை தப்பில்லை.

பிப்ரவரி 10, மதியம் 12.05

"அப்படியானால் இவர்களுக்கு ஐஸ் குழம்பு எது?" நல்ல கேள்வி, காலையிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன்.

கனாதே. அந்த ஆய்வகத்துக்கு வந்து சேர்கிற நான்காம் ஆண்டு மாணவி. இரண்டு சீனியர்களும் பேசுவதைக் கேட்டு வாய் பிளந்து நிற்பவள். இவர்கள் எதையாவது செய்யும்போது "சாதாரண மனுஷங்க இப்படியா பண்ணுவாங்க" என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். அவர்களுக்கும் அவள் அபிப்பிராயம் வேண்டியிருக்கிறது. தங்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ள முடியாது என்று அந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் தெரியும்.

பிப்ரவரி 10, மதியம் 3.50

சாப்பிட்டுவிட்டு யோசித்தால் கனாதேயை மாஸ்டர் (மற்றதையெல்லாம் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மூலக் கருவி) என்று சொல்ல மனம் வரவில்லை. மாஸ்டர் கேஜுக்கு இரண்டு குணம் வேண்டும்: ஆடக்கூடாது, அதற்கும் மேலே ஒரு மாஸ்டரோடு ஒப்பிட்ட சான்று இருக்க வேண்டும். இவளுக்கு இரண்டும் இல்லை. இந்தக் கும்பலோடு பழகப் பழக அவளே அவர்கள் மாதிரிப் பேசத் தொடங்குகிறாள். எங்கள் மொழியில் டிரிஃப்ட், அதாவது அளவு மெல்ல விலகிப்போவது. சாதாரணக் காதல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவளும் எங்கேயோ பார்த்ததை வைத்துத்தான் அளக்கிறாள்.

ஆய்வகத்தின் இன்னொரு ஜோடியை எடுங்கள், எனா, கோசுகே. சின்ன வயதிலிருந்து பழக்கம். அவள் வீடியோ கேம் பைத்தியம், அவனுக்குக் காதல் கேம் கதாநாயகிதான் உலகம். இவர்களை எந்த அளவுகோலில் வைப்பது? கனாதேயின் கணக்கில் இவர்கள் ஜோடியே இல்லை. ஆனால் ஒருவர் இல்லாவிட்டால் மற்றவருக்கு ஓடாது. ஒரே மாஸ்டரை வைத்து எல்லாக் கேஜையும் சரிபார்க்க முடியாது, ரேஞ்ச் வேறு.

பிப்ரவரி 11, இரவு 8.15

ஜப்பானியக் காதல் கதைகள் நிறையப் பார்த்த ஒருவர் மேலே எழுதியிருப்பது முக்கியம்: அங்கே "உன்னைப் பிடிக்கும், என்னோடு பழகுவாயா" என்று வாயால் சொல்வதுதான் உறவின் தொடக்கம். கோகுஹாகு. அதற்கு முன் எத்தனை முறை சேர்ந்து சுற்றினாலும் கணக்கில்லை. பெரும்பாலான தொடர்களில் அந்த ஒரு வரிக்காக 12 எபிசோடு காக்க வைப்பார்கள். இதில் முதல் சில நிமிடத்திலேயே சொல்லியாகிவிட்டது, பதில்தான் பாக்கி. தள்ளிப்போடக் கிடைத்த சாக்குதான் சோதனை என்று அவர் சொல்கிறார்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். தள்ளிப்போடுகிறவன் பதில் கிடைக்காத சோதனையாகப் பார்த்துத்தானே வைப்பான்? இவர்கள் ஒவ்வொரு முறையும் தங்களைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிற சோதனையையே தேடிப்பிடித்து வைக்கிறார்கள்.

ஆரன் பெயர் மூன்றாம் முறையாக வருகிறது, மன்னிக்கவும். 1997-இல் அவர் குழு முன்பின் தெரியாத இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, போகப் போக அந்தரங்கமாகிக்கொண்டே போகும் 36 கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் செய்தது. அது காதலை அளக்க வைத்த சோதனை இல்லை, நெருக்கத்தை ஆய்வகத்தில் உண்டாக்க முடியுமா என்று பார்க்கத்தான். முன்னோட்டத்தில் கலந்துகொண்ட ஒரு ஜோடி பிற்பாடு கல்யாணமே செய்துகொண்டது. அளக்கிற கருவியே அளக்கப்படுவதைச் சூடாக்கிவிடுகிற சங்கதி வெப்பமானியிலும் உண்டு. சின்னக் கிண்ணம் நீரில் பெரிய வெப்பமானியை முக்கினால் காட்டுவது நீரின் சூடு மட்டுமல்ல.

பிப்ரவரி 12, காலை 7.05

இரண்டாம் சீசன் பெயரில் வரும் r=1-sinθ என்ன என்று இன்னும் கேட்கிறார்கள். வரைபடத் தாளில் போட்டுப் பாருங்கள். மேலே நடுவில் ஒரு குழி, இரண்டு பக்கமும் தோள். இதய வடிவம், கார்டியாய்டு என்பார்கள். ஆனால் அடியில் கூர்மை வராது, உருண்டையாக நிற்கும். வாழ்த்து அட்டை இதயம் வேண்டுமென்றால் சமன்பாடு இன்னும் சிக்கலாகும்.

பிப்ரவரி 12, இரவு 10.40

தொடக்கக் கேள்விக்காரர் இரண்டாம் சீசன் பார்க்கத் தொடங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். நல்லது. முதல் சீசனில் ஒகினாவா தீவுக்குப் போகும் எபிசோடுகளை வேகமாக ஓட்டியிருந்தால் அவற்றை மறுபடி பார்த்துவிட்டுப் போங்கள். கரடி வரும் இடத்தில் ஃபார்வர்டு பண்ண வேண்டாம், அது சொல்கிற விளக்கம் அடுத்த காட்சியின் நகைச்சுவைக்குத் தேவைப்படும். காதலை அளக்க முடியாது என்ற கட்சியில் இன்னும் இருக்கிறீர்களா என்று பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள். நாளையிலிருந்து ஒரு தொழிற்சாலையில் ஆடிட், ராத்திரிதான் இந்தப் பக்கம் வருவேன்.